விட்டம் யாருடையது?

காஞ்சியிலிருந்து வந்தவாசி செல்லும் சாலையில், பாலாற்றுப் பாலத்தை எட்டுமுன் நம்மை எதிர்கொள்ளும் ஊர் செவிலிமேடு. நெடுங்காலம் தனிப் பேரூராட்சியாக இருந்த இவ்வூர், 2011-ஆம் ஆண்டில் காஞ்சி நகராட்சியுடன் இணைக்கப்பட்டது. 2021-இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தபோது இதுவும் மாநகரின் ஓர் அங்கமாயிற்று. ஊர் மாநகரானதும் மனை விலை ஏறிற்று. மனை விலை ஏறியதும், திண்ணையும் கூடமும் முற்றமும் கொண்ட ஓட்டு வீடுகள் தெருவுக்குத் தெரு இடியலாயின.

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, அத்தகைய வீடொன்றுக்கு நாம் அழைக்கப்பட்டோம். நோயாளிக்கு நற்கருணை கொடுக்கவன்று, வழக்குத் தீர்க்க. வீட்டுத் தலைவர் பட்டுத்தறி நெய்தவர். உயில் எதுவும் எழுதாமலே காலஞ்சென்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகன் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். இளையவர் வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். கணவனை இழந்த மகள், தாயுடன் அதே வீட்டில் இருந்து, தந்தை விட்டுச் சென்ற தறியில் நெய்து வருகிறார். வீட்டை இடித்து மனையை இரண்டாகப் பகிர்ந்து ஆளுக்கொரு வீடு கட்டுவதென்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்திருந்தனர். இடிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரும் கிடைத்துவிட்டார். கூலி வேண்டாம், மேற்கொண்டு இருபதாயிரம் ரூபாய் தருகிறேன், கல்லும் மரமும் எனக்கு என்பது அவருடைய பேச்சு. பிள்ளைகளுக்கு அது பெரும் சலுகையாகத் தோன்றியது. தாய் மட்டும் இணங்கவில்லை.

"மத்ததெல்லாம் கொண்டு போகட்டும் சாமி. அந்த நடு விட்டத்த மட்டும் நான் தரமாட்டேன்" என்றார் எண்பது வயதை நெருங்கிய அந்த அம்மையார்.

நாமும் வழக்கமான முறையிலேயே பேசத் தொடங்கினோம். "ஒரு மரத்துண்டுக்காகப் பெற்ற பிள்ளைகளோடு மனத்தாங்கல் வேண்டுமா அம்மா? கணவரின் நினைவு நெஞ்சில் இருந்தால் போதாதா?" என்றோம். விட்டத்தின் நடுவே இரும்பு வளையம் ஒன்று தொங்கியது. பிள்ளைகளுக்குத் தூளி கட்டிய வளையமாக இருக்கும், அந்தப் பாசம்தான் பேசுகிறது என்று எண்ணினோம். அம்மையார் நம்மைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார்.

"ஞாபகத்துக்கு இல்ல சாமி. இவ தறிக்கு. படைமரம் செல்லரிச்சுப் போச்சு. மிதிப் பலகையும் ஆட்டம் குடுக்குது. புது மரம் வாங்க நெய்யிற கூலி காணாது. இந்த விட்டத்த அறுத்தா இன்னொரு தலைமுறைக்குத் தறி நிக்கும்."

அதுவரை பேசாமல் தறிக்குழியில் அமர்ந்திருந்த மகள், தலையைக் குனிந்துகொண்டார். நெய்த சேலையைச் சுற்றும் உருளைதான் படைமரம். அது கோணினால் சேலை கோணும். சேலை கோணினால் கூலி போகும். உபதேசம் செய்ய வந்த நாம் வாயடைத்துப் போனோம்.

அன்று முடிவெதுவும் சொல்லாமல் திரும்பினோம். மறு வாரம், நமக்குப் பழக்கமான முதிய தச்சர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றோம். அவர் ஏணியில் ஏறி, விட்டத்தைச் சுத்தியலின் மரப்பிடியால் இடத்துக்கிடம் தட்டிக் காது கொடுத்தார். பிறகு உளியால் மேற்பரப்பை விரல் நகமளவு சீவினார். எத்தனையோ ஆண்டு அடுப்புப் புகை படிந்த கருந்தோலுக்கு அடியில் பொன்னிறம் மின்னியது. பதனிட்ட தோலின் வாடையும் எண்ணெயின் வாடையும் கலந்தாற்போன்ற ஒரு மணம் கூடத்தில் பரவியது. "தேக்கு. அதுவும் நல்லா முத்தின காட்டுத் தேக்கு" என்றார்.

பின்னர் அளவெடுத்தார். கணக்கு எளியது, குடும்பத் தலைவர்களும் தலைவிகளும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். விட்டம் ஒவ்வொன்றும் 12 அடி நீளம், 8 அங்குல அகலம், 6 அங்குலக் கனம். ஆக 4 கன அடி. நான்கு விட்டங்களுக்கு 16. கைமரங்கள் இருபத்து நான்கில் பாதி பனை, பாதி தேக்கு. தேக்குக் கைமரம் ஒன்று 10 அடிக்கு 4-க்கு 3. பன்னிரண்டும் சேர்ந்து 10 கன அடி. தூணும் நிலையும் கதவும் சேராமலே 26 கன அடித் தேக்கு! மரவாடியில் இதே அளவு புதுத் தேக்கு வாங்கப் போனவர்களுக்கு, இருபதாயிரம் எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும். தச்சர் விலை சொல்லவில்லை, சிரித்தார். மூத்த மகனின் முகம்தான் மாறிற்று.

இங்கே நம்முடைய பழைய பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். குருவான புதிதில் நமக்குக் கொடுக்கப்பட்ட கிளைப் பங்கொன்றில், பழைய ஓட்டுக் கோயிலின் கூரையைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டோம். இளமையின் வேகம். மரங்களை யார் பார்த்தார்? "எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்" என்று ஒப்பந்தக்காரரிடம் சொன்னோம். அவரும் மறுநாளே நன்றியுடன் அப்புறப்படுத்தினார். சன்னல்களுக்கு மரம் வேண்டியபோது, கூலிவேலை செய்யும் மக்களிடம் வீடு வீடாகத் தண்டல் செய்து புதிதாக வாங்கினோம். அந்தப் புது மரத்தைக் கரையான் தின்ன ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. பழைய மரத்தின் மதிப்பு நமக்குத் தெரிந்தது அப்போதுதான்.

பழைய மரத்துக்கும் புதிய மரத்துக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு? காட்டில் நெருக்கத்துக்கிடையே ஒளியைத் தேடி மெல்ல வளர்ந்து, நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்று முதிர்ந்த தேக்கில் பெரும் பகுதி வைரம் பாய்ந்திருக்கும். பூச்சிகளையும் பூஞ்சையையும் விலக்கும் இயற்கை எண்ணெய்ப் பொருள்கள் அந்த வைரப் பகுதியில்தான் திரள்கின்றன. இன்று இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் வெட்டப்படும் தோட்டத் தேக்கிலோ வெளிறு மிகுதி, வைரம் குறைவு. பெயர் ஒன்றே, சரக்கு வேறு. பர்மாவிலிருந்து தேக்கு அடிமரங்கள் வந்த காலமும் முடிந்துவிட்டது. 2014 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அந்நாடு, அறுக்காத மரத்தை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டது. ஆகவே நம் பாட்டனார் வீட்டு உத்திரத்தில் இருக்கும் மரத்தை, விலை கொடுத்தாலும் இன்று புதிதாகப் பெறுவது அரிது.

பர்மாத் தேக்கு என்றதும் செட்டிநாடு நினைவுக்கு வராமலிராது. 1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் வசமான பின்னர், நகரத்தார் அங்கே வட்டித் தொழில் நடத்திப் பெரும் பொருள் ஈட்டினர். அப்பொருளோடு அந்நாட்டு மரமும் கப்பலேறி வந்து, காரைக்குடிச் சீமையின் மாளிகைகளில் தூணாகவும் உத்திரமாகவும் கதவாகவும் நின்றது. 1930-களின் பொருளாதாரச் சரிவும் 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பும் அந்த வாழ்வைக் குலைத்தன. வருவாய் நின்றது, வாரிசுகள் பெருகினர், ஒரே வீட்டுக்கு நாற்பது ஐம்பது பங்காளிகள். பழுது பார்க்க ஒருவர் இணங்கினால் மற்றொருவர் இணங்கார். இடித்து விற்க எல்லோரும் இணங்குவர். அவ்வாறு பிரிக்கப்பட்ட தூண்களும் கதவுகளும் வந்து சேருமிடமாகக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகள் பெயர் பெற்றுள்ளன. எஞ்சிய ஊர்த் தொகுதிகளை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது 2014-இல்தான்.

கடல் கடந்த நாடுகளில் வீட்டைவிடக் களஞ்சியத்துக்கே இந்தக் கதை மிகுதியும் பொருந்தும். அமெரிக்கக் குடியானவர்கள் வைக்கோலும் தானியமும் மாடும் ஒரே கூரையின்கீழ் அடங்கும்படி, கோடரியால் செதுக்கிய பெருமரங்களைக் கொண்டு களஞ்சியங்கள் கட்டினார்கள். அவற்றுள் பல செஸ்ட்நட் என்னும் மரத்தால் ஆனவை. 1904-இல் நியூயார்க்கில் அம்மரத்தில் ஒரு பூஞ்சை நோய் காணப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த அந்நோய், அடுத்த அரை நூற்றாண்டுக்குள் 300 முதல் 400 கோடி மரங்களை அழித்துவிட்டதாகக் கணக்கிடுகின்றனர். காட்டில் அந்தப் பெருமரம் இல்லை; களஞ்சியத்தில் மட்டும் இருக்கிறது. எனவே அங்கே பழங்களஞ்சியங்களை எண்ணிட்டுப் பிரித்து, தரைப்பலகைக்கும் மேசைக்கும் புது வீட்டு உத்திரத்துக்கும் விற்பது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. களஞ்சியம் என்றவுடன் லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்துச் செல்வனும் நினைவுக்கு வருகிறான். இருந்த களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்டத் திட்டமிட்டவன் அவன். இடித்த மரத்தை என்ன செய்ய நினைத்தான் என்று நற்செய்தியாளர் குறிக்கவில்லை; அன்றிரவே அவன் காலம் முடிந்துவிட்டமையால் அக்களஞ்சியங்கள் தப்பின போலும்.

நம் பக்கத்தில் நெல்லுக்கு மண் குதிர். தஞ்சைப் பக்கத்தில் மரப் பத்தாயம். பத்தாயப் பலகைகள் இன்று கதவாகவும் கட்டிலாகவும் மாறி வருகின்றன. ஆனால் பலகையை மட்டுமின்றி வீட்டையே முழுதாகக் காக்கவும் முடியும் என்பதற்குச் சான்று சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ளது. 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், உரியவர்கள் கைவிட்ட பழைய வீடுகளை வாங்கிப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு அங்கே உண்டு. கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து, 1850-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தின் மரவீடும் உண்டு. காஞ்சிப் பட்டு நெசவாளர் வீட்டையும் அங்கே காணலாம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஏற்ற இடம். அதன் அமைப்புக்குத் திட்டமிட்ட லாரி பேக்கர் (1917–2007), இடிந்த கட்டடங்களின் கதவையும் சன்னலையும் தேடியெடுத்துப் புதுச் சுவரில் பொருத்துவதில் வல்லவர்; திருவனந்தபுரத்தில் தம் சொந்த வீட்டையே அப்படித்தான் கட்டிக்கொண்டார்.

அருங்காட்சியகத்துக்கு இயன்றது அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்துக்கு இயலுமா? ஓரளவு இயலும் என்பதைச் செவிலிமேட்டில் கண்டோம். பிரிப்பதென்பது கட்டியதைத் தலைகீழாகச் செய்வதுதான். முதலில் ஓடு, அடுத்து ரீப்பர், அதன்பின் கைமரம், முகட்டு மரம், விட்டம், தூண். நிலையையும் கதவையும் சுவர் நிற்கும்போதே கழற்றிவிட வேண்டும். சுவர் சாய்ந்தால் நிலை பிளக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பால் ஓர் எண். கனமான மரத்தைக் கயிறு கட்டி இறக்க வேண்டுமே தவிர உருட்டித் தள்ளலாகாது. மேலே ஏறுபவர் இடுப்பிலும் கயிறு இருக்க வேண்டும். ஜே.சி.பி. இயந்திரம் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலை இப்படிச் செய்தால் எட்டுப் பத்து நாள் பிடிக்கும். கூலியும் ஆகும். அந்தக் கூலியை மரமே கொடுத்துவிடும். ஆனால் உடனே கொடுக்காது. கையில் பணமில்லாதவர் இடிப்புக்காரரிடம் போவது இதனால்தான். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இறக்கிய மரத்தில் எல்லாம் நல்ல மரம் என்று மகிழ்ந்துவிடவும் கூடாது. சுவருக்குள் புதைந்திருந்த முனையை முதலில் பார்க்க வேண்டும். மழை நாளில் நனைந்து வெயில் நாளில் உலரும் சுவர் அது. எப்போதும் உலர்ந்திருக்கும் மரம் கெடுவதில்லை. எப்போதும் நீருக்குள் கிடக்கும் மரமும் காற்றுப்படாமையால் எளிதில் கெடுவதில்லை. மாறி மாறி நனைந்து உலர்வதே மரத்தைக் கொல்கிறது. காஞ்சியில் இதை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை. வரதராசப் பெருமாள் கோயில் திருக்குளத்தின் நீருக்கடியில் அத்தி மரத்தாலான திருவுருவம் நாற்பது ஆண்டுகள் இருந்து, 1979-இலும் பின்னர் 2019-இலும் வெளியே எடுக்கப்பட்டதை ஊரே கண்டது. 2019-இல் அந்த 48 நாள்களும் நம் வீட்டுத் திண்ணைகளில்கூட வெளியூர் யாத்திரிகர் படுத்திருந்தனர்.

தட்டினால் 'டங்' என்று கேட்பது திடமரம். 'பொத்' என்று கேட்பது உள்ளே உளுத்தது. ஊசியுளியால் குத்திப் பார்த்து, கெட்ட பகுதியைத் தயங்காமல் அறுத்தெறிய வேண்டும். மாவு போன்ற தூள் கொட்டினால் வண்டு இருக்கிறது. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசி உலர விடுவது பயன் தரும். மரத்துக்குள் மறைந்துள்ள ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்கிய பிறகே அறுவை மில்லுக்கு அனுப்ப வேண்டும். ஓர் ஆணி, வாளின் பல்லையும் உடைக்கும், அறுப்பவர் கண்ணையும் கெடுக்கும். தரையில் படாமல், இடையிடையே குச்சி வைத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்குவது முறை. மீண்டும் உத்திரமாகவே வைப்பதானால், பாரம் தாங்குமா என்று பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் வைக்க வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பழைய கதவின் வண்ணப்பூச்சைக் குழந்தைகள் இருக்குமிடத்தில் சுரண்டவோ நெருப்பில் பொசுக்கவோ விடாதீர்கள். பழைய பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். வீட்டுப் பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அந்தத் தூள் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈரத் துணியால் துடைத்து, ஈரமாகவே தேய்த்து, தூளைக் கூட்டி அகற்ற வேண்டும்.

இனி அந்த விட்டத்துக்கு வருவோம். மரத்தின் மதிப்புத் தெரிந்ததும் வழக்குத் தீர்ந்துவிடும் என்று நாம் எண்ணியது பேதைமை. அதன் பிறகுதான் வழக்கே தொடங்கிற்று. இருபதாயிரத்துக்கு விற்கும்போது அண்ணனுக்கும் தம்பிக்கும் மனத்தாங்கல் இல்லை. 26 கன அடி என்றதும் வந்தது. தேக்கில் எனக்குப் பாதி, உனக்குப் பாதி. பனை யாருக்கு, நிலை யாருக்கு என்று குரல் உயர்ந்தது. அக்காவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தாயைப் பற்றியும் பேசவில்லை.

பங்கு என்ற சொல்லுக்கு நம்மிடையே இரண்டு பொருள் உண்டு. அந்த இரண்டாவது பங்கைப் பற்றி நாம் பேசுவது அரிது, அன்று பேசினோம். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு உரியது. எஞ்சிய இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். அதில் மகன், மகள் என்ற வேறுபாடில்லை. இந்த வீட்டில் ஒன்பதில் மூன்று தாய்க்கு, ஆளுக்கு இரண்டு பிள்ளைகள் மூவருக்கும். மனைக்கு உள்ள கணக்கே மரத்துக்கும். "அம்மா கேட்டது ஒரு விட்டம், 4 கன அடி. அவர்களுக்கு உரியதோ எட்டரைக்கு மேல். பிச்சை கேட்கவில்லை; தம் பங்கில் பாதியைக்கூடக் கேட்கவில்லை" என்றோம். மூத்தவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இளையவர் எழுந்து வெளியே போய், சிறிது நேரம் கழித்துத் தேநீருடன் திரும்பி வந்தார். முதல் குவளையை அக்காவிடம் கொடுத்தார்.

பிரிக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஓடும் செங்கல்லும் மட்டும் ஒப்பந்தக்காரருக்குப் போயின. நடு விட்டத்தை இறக்கியபோது, சுவருக்குள் இருந்த முனை ஒன்றரை அடிக்குப் பொடிந்து கிடந்தது. அம்மையார் பதறிவிட்டார். தச்சர் அதை அறுத்து ஒதுக்கிவிட்டு, "மிச்சம் பத்தரை அடி இருக்கு பாட்டி, ரெண்டு தறிக்கு வரும்" என்றார். படைமரமும் மிதிப் பலகையும் செய்தாயிற்று. இப்போது தறி இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகைக் கூடத்தில் ஓடுகிறது. மற்ற மரங்களைப் பகிர்ந்து எழுதிய தாளில் நால்வரும் கையெழுத்திட்டுள்ளனர். மனைக்கான பத்திரம் வழக்கறிஞரிடம் இருக்கிறது, அதில் அக்காவின் பெயர் எந்த இடத்தில் வரும் என்பது இன்னும் பேச்சில்தான் உள்ளது. நாமும் வாரம் ஒருமுறை அவ்வழியே போய் வருகிறோம்.

முன்வாசல் நிலை மட்டும் மூத்தவர் குடியிருக்கும் வீட்டின் பின்புறத் தாழ்வாரத்தில், செங்கல் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் புது வீட்டில் தலைவாசலாகவே வைக்கப்போகிறாராம். எப்போது என்று கேட்டோம். "ஆடி கழியட்டும் சாமி" என்றார்.